அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: மதுரைச் சுற்றுவட்டாரத் திருவிழாக் கமிட்டியாருக்கும் மண்டபம் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய கமிட்டியாருக்கும் மண்டபம் நடத்தும் பெரியோருக்கும் வணக்கம்.

காப்புக் கட்டும் நாள் குறித்ததும் நீங்கள் அட்வான்ஸ் கொடுக்கும் பட்டியலில் பந்தல், மைக் செட், மேளம், வாணவேடிக்கை எல்லாம் இருக்கும். இப்போது அதில் ட்ரோனும் லேசர் லைட்டும் சேர்ந்திருக்கின்றன. வாணவேடிக்கைக்காரரிடம் லைசென்ஸ் கேட்கிறீர்கள். ஜெனரேட்டர்காரரிடம் எத்தனை கே.வி.ஏ. என்று கேட்கிறீர்கள். ட்ரோன்காரரிடமும் லைட் செட்காரரிடமும் வாடகையைத் தவிர வேறெதுவும் கேட்கப்படுவதில்லை. ட்ரோனும் லேசரும் எங்கள் தொழில். அதனால்தான் இதை எழுதுகிறோம். ட்ரோன்காரரிடம் ‘இது நடுவானில் கெட்டால் எங்கே விழும்?’ என்று கேளுங்கள். லேசர்காரரிடம் ‘இந்தக் கதிர் எங்கே போய் முடியும்?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் கையை நீட்டி இடத்தைக் காட்டிப் பதில் சொல்லத் தெரியாதவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் ட்ரோன். நம் ஊரில் மொட்டை மாடி வீட்டின் ஓர் அறை. வடகம் காய்வதும், துணி உலர்வதும், கத்திரி வெயில் காலத்தில் குடும்பமே பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். கிராமங்களில் மேற்கூரை இல்லாத குளியலறை இன்னும் எத்தனையோ வீடுகளில் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது என்ற நம்பிக்கையில் கட்டியவை அவை. கல்யாண வீடியோவில் பயன்படும் சாதாரண ட்ரோன் கேமரா 30 மீட்டர் உயரத்தில் நேராகக் கீழே பார்த்தால் ஏறக்குறைய 45 மீட்டர் அகலம் படத்தில் விழும். 20 அடி மனைகளாக இருக்கும் தெருவில் அது ஏழு வீடு. மாப்பிள்ளை அழைப்பு ஒரு வீட்டில்தான் நடக்கிறது, பதிவாவது ஏழு வீட்டு மாடி. கேமராவைச் சற்றே சாய்த்தால் கணக்கு இன்னும் கூடும். 30 மீட்டரில் 4கே படத்தின் ஒரு புள்ளி தரையில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முகம் துலங்காது, ஆனால் சேலையையும் நிற்கும் தோரணையையும் வைத்துத் தெருக்காரர் யாரென்று சொல்லிவிடுவார். 10 மீட்டருக்கு இறக்கினால் முகத்தின் அகலத்துக்கே 40 புள்ளி கிடைக்கும். அது அடையாளம் காணப் போதும்.

‘இது சின்ன ட்ரோன்தானுங்க, 249 கிராம், இதுக்கு எதுவும் வேண்டாம்’ என்ற பதில் உங்களுக்கு அடிக்கடி கிடைக்கும். அதில் பாதிதான் உண்மை. 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம். கூலிக்குக் கல்யாணமோ திருவிழாவோ எடுத்தால் வேண்டும். காப்பீடும் வேண்டும். எடை என்பது பறக்கும்போது உள்ள மொத்த எடை என்பதைக் கவனியுங்கள். 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பு வளையத்தையோ இரவில் மின்னும் விளக்கையோ பெரிய பேட்டரியையோ மாட்டினால் அது 250ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடுகிறது. பாதுகாப்புக்காக வளையம் மாட்டுபவர் நல்ல காரியம்தான் செய்கிறார், ஆனால் அதற்கேற்ற காகிதமும் அவரிடம் இருக்க வேண்டும். தனி அடையாள எண் என்ற ஒன்றும் உண்டு. அது வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. அதை ட்ரோன் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

எடை குறைவு என்பதால் வான்வெளி விதி தளர்ந்துவிடாது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் உண்டு. பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே கட்டுப்பாடு, அது மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி, அதாவது 60 மீட்டர்தான் உச்சம். இதை மதுரை மேல் வைத்துப் பாருங்கள். பெருங்குடி, அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் எல்லாம் 8 கிலோமீட்டருக்குள் வருகின்றன. அங்கே கல்யாண மண்டப வாசலில் ட்ரோனைத் தூக்குவதற்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும், நிலையத்தை ஒட்டிய சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். மாசி வீதிகளும் கோரிப்பாளையமும் 8க்கும் 12க்கும் நடுவில் விழுகின்றன. மேலூர், அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கம் போனால்தான் பச்சை தாராளமாகக் கிடைக்கும். வரைபடம் மாறும் என்பதால் விழாவுக்கு முதல் நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டச் சொல்லுங்கள். போன வருடத்தது உதவாது.

பச்சைக்குள்ளும் ஒரு தடை திடீரென்று வரலாம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதியில் இடமுண்டு. சித்திரைத் திருவிழா, பெரிய தலைவர்கள் வருகை நாட்களில் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்பதற்காக யாரும் மேலே அனுப்பக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம்.

இனி, எங்கே விழும் என்ற கேள்வி. ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் தொடர்பு அறுந்தால் அது தானே ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, புறப்பட்ட இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும். இதில் விபத்துக்கு இரண்டு வாசல் திறந்திருக்கிறது. ஒன்று, அந்த உயரம் அமைப்பில் 20 மீட்டர் என்று கிடந்தால், வரும் வழியில் உள்ள செல்போன் டவரிலோ தென்னை மரத்திலோ கோபுரத்திலோ போய் மோதும். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் 50 மீட்டரைத் தாண்டியது. 60 மீட்டர் உச்சவரம்பு உள்ள பகுதியில் 50 மீட்டர் கோபுரம் நின்றால் நடுவில் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று இன்னும் மோசம். சப்பரத்தோடு நகரும் வண்டியிலிருந்து ட்ரோனைக் கிளப்பியிருப்பார்கள். வண்டி இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கும். ட்ரோனோ கிளம்பிய இடத்தைத்தான் வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இப்போது முளைப்பாரி தூக்கிய பெண்கள் நிற்பார்கள். தொடர்பு அறுந்தால் அவர்கள் தலைமேல்தான் இறங்கும். ஊர்வலம் எடுப்பவர் வீட்டுப் புள்ளியை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி மைதானம் மாதிரி காலியான ஓர் இடத்தில் ஆள் நிறுத்தி அங்கிருந்தே கிளப்ப வேண்டும். நாங்கள் இரண்டாவதையே சொல்வோம். பரபரப்பில் புதுப்பிக்க மறக்காத ஆள் கிடையாது.

900 கிராம் ட்ரோன் 40 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றுத் தடையைக் கழிக்காமல் பார்த்தால், தரையைத் தொடும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். காற்று கொஞ்சம் குறைக்கும்தான், ஆனாலும் தலையில் விழுந்தால் மண்டை உடையும். அதனால் கூட்டத்துக்கு நேர் மேலே பறப்பது எந்தக் காட்சிக்காகவும் வேண்டாம். எத்தனை மீட்டர் உயரமோ அத்தனை மீட்டர் கூட்டத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் கைக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் உயரம் என்றால் 40 மீட்டர் பக்கவாட்டு இடைவெளி, காற்று கூட்டத்தை நோக்கி அடித்தால் அதைவிடக் கூடுதல். தேர் வருவதைப் பக்கவாட்டில் கண்மாய்க் கரையிலிருந்தோ காலி மனையிலிருந்தோ எடுத்தாலும் படம் நன்றாகவே வரும்.

திருவிழாவில் ட்ரோன் கெட்டுப்போகும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சீரியல் செட் வயரையும் கேபிள் டி.வி. வயரையும் தடை உணரும் கருவி பார்க்காது. அதற்கு மெல்லிய கம்பி தெரியாது. மேடையில் வெடிக்கும் பேப்பர் ஷாட் துண்டுகள் இறக்கையில் சுற்றினால் மோட்டார் நின்றுவிடும். ஸ்பீக்கரின் காந்தமும் பந்தலின் இரும்பு ட்ரஸ்ஸும் திசைகாட்டியைக் குழப்பும். ஸ்பீக்கர் பெட்டி மேலேயோ கம்பி போட்ட கான்கிரீட் தளத்திலோ வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்தால் ட்ரோன் வட்டமடித்துக்கொண்டே ஒரு பக்கமாக ஓடும். நெருக்கமான சந்துகளில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் மறைந்துவிடும், அப்போது காற்றடிக்கும் பக்கம் நகரும். பெரும்பாலான சிறிய ட்ரோன்களுக்கு 40 டிகிரி வெப்பம்தான் எல்லை. மதுரையில் சித்திரை மதியம் அதைச் சுலபமாகத் தொடும். பேட்டரியைக் கார் டாஷ்போர்டில் வைத்தவர் அன்றைக்குப் பறக்காமல் இருப்பதே நல்லது. உப்பிய பேட்டரி, ஓரம் நெளிந்த இறக்கை, இரண்டும் அங்கேயே குப்பைக்குப் போக வேண்டியவை. பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஓட்டுபவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், எனவே வானத்தைப் பார்க்க இன்னொரு ஆள் கட்டாயம். ஒரே ஆளாக வருபவர் வாடகையைக் குறைத்துக் கேட்பார். அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வது செலவில்லாத காரியம். மைக் உங்கள் கையில்தான் இருக்கிறது. ‘நாளைக் காலை 7 மணி முதல் 7.20 வரை வடக்குத் தெருவுக்கு மேலே ட்ரோன் படம் எடுக்கும்’ என்று முதல் நாள் மாலையே இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். குளிக்கிறவர் நேரத்தை மாற்றிக்கொள்வார், துணி எடுக்கிறவர் எடுத்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு மேலே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை மதித்து வழியை மாற்றச் சொல்லுங்கள். ட்ரோன் விதிகளில் தனியுரிமைக்கென்று தனி விதி இல்லை என்பது உண்மை. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்றே சொல்லிவிட்டது. ஒரு பெண் தன் அந்தரங்கத்தில் இருப்பதை மறைந்து பார்ப்பதோ படமெடுப்பதோ பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் குற்றம், முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. படம் எடுத்த பின்னும் ஒரு வேலை இருக்கிறது: அடுத்த வீட்டு மாடி விழுந்த துண்டுகளை வெட்டிய பிறகே ஆல்பத்துக்கும் ரீல்ஸுக்கும் கொடுக்க வேண்டும், மூலப் பதிவிலிருந்தும் அழிக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மருந்தடிக்கும் ட்ரோன் இந்த மடலின் பொருள் அல்ல, என்றாலும் கமிட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் சம்சாரிகள், அதாவது விவசாயிகள் என்பதால் ஒரு வார்த்தை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை ட்ரோன் ஏறக்குறைய 10 லிட்டரில் அடிக்கிறது. அதனால் ஒவ்வொரு துளியும் பல மடங்கு கெட்டி. நெல்லுக்கு அடித்தது காற்றில் நகர்ந்து பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலிலோ மல்லிகைத் தோட்டத்திலோ விழுந்தால் இலையும் மொட்டும் கருகும், பறிப்பவர் கையிலும் ஒட்டும். காற்று எழும்பும் முன் அதிகாலையில், பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு, காற்று போகும் பக்க வரப்பை ஒட்டி ஒரு பட்டையை விட்டு அடிக்க வேண்டும்.

இப்போது லேசர். இதில் எங்களுக்குக் கவலை அதிகம். ட்ரோன் விழுந்தால் சத்தம் கேட்கும், எல்லோரும் ஓடி வருவார்கள். லேசர் பட்ட கண் அப்போது வலிக்கவும் செய்யாது, ஏனென்றால் விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை.

மேடையில் மின்னும் எல்லாம் லேசர் அல்ல. ஷார்பி எனப்படும் நகரும் தலை விளக்கு பல்பு போட்டது. அது கண்ணைக் கூசவைக்கும், ஆனால் லேசரோடு ஒப்பிட முடியாது. பென்சில் போல மெல்லியதாய், தூரம் போனாலும் விரியாமல், சுவரில் பட்டால் மணல்மணலாக மினுங்குவது லேசர். லேசருக்கு உலகெங்கும் ஒரே வகைப்பாடு: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. பாடம் நடத்தும்போது சுட்டிக்காட்டும் நல்ல பாயின்டர் வகுப்பு 2. ஆடல் பாடல் மேடைக்கு வரும் 3 வாட், 5 வாட் லேசர்கள் வகுப்பு 4. அவை பாயின்டரைப் போல மூவாயிரம், ஐயாயிரம் மடங்கு. வகுப்பு 2ல் 1 மில்லிவாட் என்ற எல்லை எப்படி வந்தது என்றால், பிரகாசம் பட்டதும் கண் சிமிட்டித் திரும்பிக்கொள்ள ஏறக்குறைய கால் நொடி ஆகும், அந்தக் கால் நொடிக்கு விழித்திரை தாங்கும் அளவு அது. கண்ணின் வில்லை கதிரைக் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியாக்குகிறது. அங்கே அடர்த்தி லட்சம் மடங்கு வரை கூடும். வகுப்பு 4 கதிர் நேராகப் பட்டால் சிமிட்டுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும்.

எவ்வளவு தூரம் ஆபத்து? கதிரின் விரிவு ஒரு மில்லிரேடியன் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் விரிகிறது. நின்ற கதிர் கால் நொடி கண்ணில் பட்டால், 5 மில்லிவாட்டுக்கு 16 மீட்டர் வரை ஆபத்து. 500 மில்லிவாட்டுக்கு 158 மீட்டர். 1 வாட்டுக்கு 224 மீட்டர். 5 வாட்டுக்கு 500 மீட்டர். திறன் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகும். ‘கூட்டம் தள்ளித்தான் நிக்குது’ என்பவர் எத்தனை மீட்டர் தள்ளி என்று சொல்லட்டும். நீல நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அதே வாட்டில் நீலம் நம் கண்ணுக்குப் பச்சையின் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு பிரகாசமாகத்தான் தெரியும். மங்கலாக இருக்கிறதே என்று இயக்குபவர் நீலத்தை ஏற்றுவார், கண் சிமிட்டும் தூண்டுதலும் குறைவாக இருக்கும், சேதம் மட்டும் குறையாது. இணையத்தில் மலிவாக வரும் பச்சை பாயின்டர்களிலும் கவனம் வேண்டும். அவற்றில் பல கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் கதிரிலிருந்து 532 நானோமீட்டர் பச்சையை உண்டாக்குகின்றன. உள்ளே வடிகட்டி இல்லாவிட்டால் தெரியாத கதிரும் சேர்ந்து வெளியே வரும். திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக அவற்றை விற்க அனுமதிக்காதீர்கள். கடை ஏலம் விடுவது நீங்கள்தானே.

லேசர் கதிர் பார்வையாளர் நிற்கக்கூடிய உயரமான இடத்துக்கு மேலே குறைந்தது 3 மீட்டரும் பக்கவாட்டில் 2.5 மீட்டரும் தள்ளியே போக வேண்டும் என்பது உலகில் கடைப்பிடிக்கும் அளவு. அரங்கத்துக்கு இது பொருந்தும். நம் தெருவில் அப்பா தோளில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், அதன் கண் இரண்டேகால் மீட்டரில் இருக்கும். டிராக்டர் டிரெய்லரிலும் லாரி மேலேயும் ஆள் நிற்பார்கள். இரு பக்கமும் மாடிகளில் வரிசையாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெண்களும் வயதானவர்களும் பார்ப்பார்கள். ‘பார்வையாளர் நிற்கக்கூடிய உயரமான இடம்’ நம் ஊரில் அந்த மொட்டை மாடிதான். ஆக, தெருவில் நிற்பவரை மட்டும் கணக்கில் வைத்து 3 மீட்டருக்கு மேலே விட்ட கதிர் எதிர் வீட்டு முதல் மாடியில் நிற்பவர் முகத்துக்குப் போகலாம். மாடிக்கும் மேலே தூக்கினால் வானத்துக்குப் போகிறது, அதன் தொல்லை வேறு. எங்கள் தீர்மானம் இது: வீடுகள் நெருங்கிய தெருவில் வானில் விசிறும் லேசர் வேண்டவே வேண்டாம். சுவரிலோ பளபளப்பில்லாத வெள்ளைத் திரையிலோ சாமி உருவம் வரைவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக்கூட, கருவிக்கும் திரைக்கும் நடுவே ஆள் நுழையாதபடி தட்டி கட்ட வேண்டும்.

‘கதிர் ஆடிக்கிட்டே இருக்கு, ஒரு இடத்துல நிக்காது’ என்ற பதிலும் வரும். உள்ளே உள்ள இரண்டு சிறு கண்ணாடிகள் வேகமாக ஆடுவதால்தான் விசிறி போலத் தெரிகிறது. அவற்றில் ஒன்று நின்றால் முழுத் திறனும் ஒரே புள்ளியில் நிற்கும். நல்ல கருவியில் கண்ணாடி நின்றதும் ஒளியை அணைக்கும் காப்பு இருக்கும். மலிவானவற்றில் இருக்காது. நட்சத்திரம் போலப் பல புள்ளி விழும் வகையில் முகப்பில் ஒட்டிய கண்ணாடித் தகடு ஒரு கதிரை நூறாகப் பிரிக்கிறது. வெயிலில் பசை இளகித் தகடு விழுந்தால் நூறும் ஒன்றாகிவிடும். பாஸ் ஸ்பீக்கர் அதிர்வில் கிளாம்ப் தளர்ந்து கருவி தலைகுப்புறத் தொங்குவதும் நடக்கிற காரியம். கிளாம்போடு தனியாக ஓர் இரும்புச் சங்கிலி, அதிராத தனிக் கால், கருவியின் முகத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு தகரத் தடுப்பு, இயக்குபவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே அழுத்தில் அணைக்கும் சிவப்புப் பொத்தான், இவை நான்கும் இல்லாமல் மெயினைப் போட விடாதீர்கள். புகை விடுவதால் கதிர் தெரியுமே தவிர அதன் திறன் கண்ணுக்குக் கேடில்லாத அளவுக்குக் குறையாது.

பிரதிபலிப்பை மறந்துவிடுவார்கள். கண்ணாடிச் சப்பரம், பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளி அங்கி, எல்.இ.டி. திரை, மழையில் நனைந்த தார்ப்பாய், பக்கத்தில் நிற்கும் காரின் கண்ணாடி, மண்டபத்தில் பளிங்குத் தூண். இவற்றில் பட்டுத் திரும்பும் கதிர் யார் கண்ணுக்குப் போகும் என்று யாராலும் கணக்கிட முடியாது. கூட்டம் வருமுன் திறனை ஆகக் குறைத்து வைத்து ஒவ்வொரு காட்சியையும் ஓட்டி, கதிர் முடியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பளபளப்பானவற்றைத் துணி போட்டு மூட வேண்டும். வகுப்பு 4 கதிர் ஒரே இடத்தில் நின்றால் துணி புகையத் தொடங்கும், கீற்றுப் பந்தல் தீப்பற்றும்.

வானத்துக்குப் போகும் கதிரைப் பற்றிச் சொன்னோம். விமான நிலையத்தைச் சுற்றி 18.5 கிலோமீட்டர் வரை சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட் என்ற எல்லையைத் தாண்டி லேசர் ஒளி விமானிக்குப் படக் கூடாது என்பது சர்வதேச வான்பயண அளவு. மதுரை நகரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 5 வாட் கதிர், ஒரு மில்லிரேடியன் விரிவு, 10 கிலோமீட்டர் தூரம் என்று கணக்கிட்டால் 6 மைக்ரோவாட்டுக்கு மேல் வருகிறது. கோரிப்பாளையத்திலிருந்து விட்ட கதிர் விமான நிலையத்தருகே தாழப் பறக்கும் விமானியின் கண்ணைக் கூசவைக்கப் போதுமானது என்று அர்த்தம். ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பதால் விமானங்கள் திருமங்கலம் பக்கமாகவோ அருப்புக்கோட்டைச் சாலைப் பக்கமாகவோ இறங்குகின்றன. 10 கிலோமீட்டருக்கு முன்னால் இறங்கும் விமானத்தின் உயரம் 520 மீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த வழியில் உள்ள ஊர்களிலிருந்து சாய்வாக ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 5 வாட் கதிர் பட்டால் 640 மைக்ரோவாட். தரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் விமானியின் பார்வை சில நொடிகள் முழுதாக மறைந்துபோகும். அந்த ஊர்க் கமிட்டியார் வானத்தை நோக்கி லேசர் விடுவதை அறவே கைவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

லேசரும் ட்ரோனும் ஒரே விழாவில் இருந்தால் இரண்டு இயக்குபவர்களையும் விழாவுக்கு முன் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். கேமராவின் உணரியில் கதிர் பட்டால் கோடும் புள்ளியுமாகப் பழுதாகும். திரையைப் பார்த்து ஓட்டுபவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. ட்ரோன் மேலே இருக்கும்போது லேசர் அணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீடியோக்காரரின் கீழே நிற்கும் கேமராவுக்கும் இதே ஆபத்து உண்டு.

யார் கண்ணிலாவது கதிர் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்க விடாதீர்கள், தாய்ப்பால், சொட்டு மருந்து எதுவும் விட வேண்டாம். சிறு கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்தப் புள்ளியையே பார்க்கச் சொல்லுங்கள். கோடு நெளிந்தாலோ ஓர் இடம் மறைந்தாலோ நடுப்பார்வையில் அடிபட்டிருக்கிறது. எதுவும் தெரியாவிட்டாலும் மறுநாளே விழித்திரை மருத்துவரிடம் போய், கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனையும், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படமும் எடுக்க வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கிய ஊர் நம்முடையது, போக வழி தெரியாதவர் கிடையாது. லேசரின் நிறம், வாட், எவ்வளவு தூரம், நேரடியா பிரதிபலிப்பா என்பதை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எரிந்த விழித்திரையைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை.

தெருக்காரர்களுக்கும் உங்கள் வாயால் ஒன்று சொல்லுங்கள். மாடிக்கு மேலே ட்ரோன் நின்றால் கல்லெறியவோ கவட்டை அடிக்கவோ லேசர் காட்டவோ கூடாது. கீழே விழுவது யார் தலையில் என்று தெரியாது, எறிந்தவர் மேலேயே வழக்கு வரும், தப்பிய லேசர் கதிர் விமானத்துக்குப் போகும். ஓட்டுபவர் கண்பார்வைத் தூரத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்பதால் ட்ரோன் போகும் திசையைக் கவனித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நேரம், திசை, நின்ற நிமிடங்கள், இறங்கிய இடம் இவற்றைக் குறித்து, போனில் ட்ரோனைப் படமெடுத்து, 112க்கு அழைத்துவிட்டு, காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். படம் வெளியில் பரவினால் சைபர் குற்றப் பிரிவுக்கும் போக வேண்டும்.

மாநகரக் காவல் ஆணையருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் இதே மடல் மூலம் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி கேட்டு வரும் மனுவில் ட்ரோனின் அடையாள எண்ணும் ஓட்டுபவர் சான்றிதழ் எண்ணும், லேசரின் வகுப்பும் மொத்த வாட்டும் கதிர் முடியும் இடமும் எழுத இடம் வையுங்கள். டெல்லியிலும் கொல்கத்தாவிலும் போட்டது போல விமான நிலையத்தைச் சுற்றி வான்நோக்கிய லேசருக்குத் தடையாணையும் போடுங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேர் கருவியைப் புரட்டி எச்சரிக்கை ஸ்டிக்கரைத் தேடுவார்கள். மஞ்சள் முக்கோண ஸ்டிக்கரும் வகுப்பு எண்ணும் இல்லாத கருவியை வகுப்பு 4 என்றே கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட இந்த வாசகம் போதும்:

“கூட்டத்துக்கு நேர் மேலே ட்ரோன் பறக்காது. அடையாள எண், சான்றிதழ், காப்பீட்டு நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. திரும்பி வரும் உயரம் ___ மீட்டர், இறங்கும் இடம் ___. வானத்தைப் பார்க்க உதவியாளர் ஒருவர் இருப்பார். பிறர் வீட்டு மாடி விழுந்த பதிவுகள் மூன்று நாளுக்குள் அழிக்கப்படும். லேசர் மொத்தம் ___ வாட், வகுப்பு ___. கதிர் முடியும் இடம் ___. மாடியில் நிற்பவர் உட்பட யார் முகத்துக்கும் வானத்துக்கும் கதிர் போகாது. ட்ரோன் மேலே இருக்கும்போது லேசர் அணைக்கப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்று தவறினாலும் கமிட்டியார் கருவியை நிறுத்தலாம், மீதித் தொகை தர வேண்டியதில்லை.”

இப்படிக்கு,
மதுரையில் ட்ரோனும் மேடை ஒளியும் இயக்குவோர் சிலர்